முகம் கழுவிய தண்ணீர்

பெப்ரவரி 3, திங்கள்

ஹெலன் டீச்சர் பிளவுஸை மூன்றாவது தடவையாகத் திருப்பிக் கொண்டுவந்தார். கை இறுக்கமாம். போன மாதம் தளர்வு என்றார். பிளவுஸ் அப்படியேதான் இருக்கிறது, கைதான் மாறிக்கொண்டிருக்கிறது என்று வாய்வரை வந்தது. நல்ல வாடிக்கை, விட்டுவிட்டேன்.

காலையில் எங்கள் அகதி முகாமுக்குச் சினிமாக்காரர்கள் வந்தார்கள். தொண்ணூறாம் ஆண்டு கடலுக்கு நடுவே மணல்திட்டில் அகப்பட்டுக் கிடந்த அகதிகளைப் பாம்பன் மீனவர்கள் காப்பாற்றிய கதையைப் படமாக எடுக்கிறார்களாம். உண்மைச் சம்பவம் என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னார்கள். எங்களிடமே சொன்னார்கள். அந்த அகதிகள் நாங்கள்தான். அம்மா, ஒன்பது வயதில் நான், இரண்டரை வயதில் தம்பி சுதன், இப்போது பக்கத்து வீட்டில் இருக்கும் பரமக்கா, அவருடைய மூன்று பிள்ளைகள், இன்னும் சிலர். தலைமன்னாரில் இருந்து ஏற்றிவந்த படகுக்காரன் இருட்டில் எங்களை இறக்கிவிட்டு, இதுதான் இந்தியா, நேரே நடவுங்கோ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். விடிந்ததும் பார்த்தால் நாலு பக்கமும் கடல். எங்களுக்குக் கிடைத்த இந்தியா ஒரு வீட்டு வளவு அளவுக்கு இருந்தது.

அகல்யா என்று ஒரு உதவி இயக்குநர் பெண், கழுத்தில் இரண்டு கைப்பேசி, எங்களை வரிசையாக நிறுத்தி முகம் பார்த்தாள். என்னைப் பார்த்ததும், "அக்கா, உங்க கண்ணுல ஒரு கதை இருக்கு" என்றாள். நேற்று இரவு முழுக்க ஊசியில் நூல் கோத்த கண் அது. தாய் வேடம் எனக்கு. சின்னப் பிள்ளையோடு வருகிற தாய். வசனம்கூட உண்டாம்.

கூலி நல்ல கூலி. அதற்காகத்தான் போகிறேன்.

பெப்ரவரி 4, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். அம்மா பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். ஆர் ஆர் போகினம் என்று கேட்டார். பரமக்காவும் வருகிறார், அவருடைய பேத்தி மித்திராவும் நடிக்கிறாள், சுதனின் மகன் அபிஷன்தான் எனக்கு மகன் என்றேன். அம்மா மீனைத் திருப்பிப் போட்டு மற்றப் பக்கச் செதிலை உரித்தார். குழம்பு நன்றாக இருந்தது.

பெப்ரவரி 5, புதன்

கண்ணாடி முன்னால் நின்று புருவம் திருத்திக்கொண்டேன். எப்படியும் திருத்தவேண்டிய நேரம்தான்.

பெப்ரவரி 7, வெள்ளி

ஒத்திகை. முகாம் பள்ளிக்கூடத்து வராந்தாவில் எல்லோரையும் உட்காரவைத்துக் காட்சிகளை வாசித்தார்கள். எங்களுக்கு இலங்கைத் தமிழ் சொல்லிக்கொடுக்கச் சென்னையில் இருந்து ஒருவர் வந்திருந்தார். நான் வசனத்தைச் சொன்னதும், இன்னும் கொஞ்சம் இலங்கைத் தமிழா வரணும் அக்கா என்றார். நான் மன்னார்க்காரி, அவர் படித்தது யாழ்ப்பாணத் தமிழ் போலிருக்கிறது. சரி தம்பி என்று அவர் சொன்னபடியே இழுத்து இழுத்துச் சொன்னேன். மிகவும் சந்தோஷப்பட்டார்.

பிறகு என்னுடைய பெரிய காட்சி வந்தது. மணல்திட்டில் தண்ணீர் தீர்ந்துவிடுகிறது. தாய் போத்தலில் மிஞ்சிய கடைசித் துளிகளை மகனின் வாயில் விடுகிறாள். தூரத்தில் கதாநாயகனின் படகு தெரிகிறது. அகல்யா உருக்கமாகத்தான் வாசித்தாள். ஆனால் "கடைசித் துளி" என்றதும் பரமக்கா சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டு குலுங்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். அகல்யாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

எனக்குப் புரிந்தது. முகாமில் எல்லோருக்கும் புரியும். நடந்தது என்னவென்றால், அன்று மத்தியானம் தூரத்தில் ஒரு சின்ன வள்ளம் வந்தது. இரண்டு பேர் நின்றார்கள். எங்களைக் கண்டு கையசைத்தார்கள். பெரியவர்கள் எல்லோரும் கத்திக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். அம்மா மட்டும் ஓடவில்லை. என்னையும் சுதனையும் இழுத்து உட்காரவைத்து, எங்களிடம் மிஞ்சியிருந்த அந்த ஒரே போத்தல் தண்ணீரால் எங்கள் முகத்தைக் கழுவினார். காதுக்குப் பின்னால்கூட விடவில்லை. என் தலையை இழுத்து வாரிப் பின்னினார். எனக்கு நோவு எடுத்து அழுதது நினைவிருக்கிறது. வள்ளக்காரர்கள் அருகில் வராமல் திரும்பிப் போய்விட்டார்கள். எங்கள் எல்லோரையும் ஏற்ற அது போதாது, பெரிய படகு கொண்டுவரத்தான் போனார்கள். பெரிய படகு மறுநாள் காலையில்தான் வந்தது. அதற்குள் சுதன் துவண்டுபோய்க் கண்ணைத் திறக்காமல் கிடந்தான். பரமக்கா தன் பிள்ளைகளுக்கு வைத்திருந்த தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அவன் வாயில் விட்டார். அதனால்தான் இன்று அவன் ராமநாதபுரத்தில் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டு என்னிடம் வாய் காட்டுகிறான்.

அன்றில் இருந்து அம்மாவுக்கு இந்தக் கேலி ஒட்டிக்கொண்டது. முகாமில் குழாய்த் தண்ணீர் நின்றால் போதும், "நாயகியக்கா, முகங்கழுவ ஒரு போத்தல் எடுத்து வைச்சிருக்கிறியளோ?" என்று பரமக்கா கேட்பார். அம்மாவின் முழுப் பெயர் செல்வநாயகி. அம்மா சிரிப்பார். ஞாயிறு தவறாமல் பரமக்கா வீட்டுக்கு ஒரு கிண்ணம் நண்டுக்கறியும் போகும். ஊரெல்லாம் உங்களை விசரி, பைத்தியக்காரி என்று ஆக்குகிறவருக்கு நண்டு எதற்கு என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவ தண்ணி தந்தவ என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்வார்.

பெப்ரவரி 10, திங்கள்

அரிச்சல்முனையில் முதல் நாள் படப்பிடிப்பு. முகாம் அலுவலகத்தில் சொல்லிவிட்டு விடியற்காலையில் வேனில் கிளம்பினோம். பாம்பன் பாலத்தில் போகும்போது பெண்கள் எல்லோரும் பாட்டுப் பாடினார்கள், கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி.

முதலில் எங்களை அழுக்காக்கினார்கள். அதற்கென்றே ஒரு மேக்கப் ஆள், ஒரு டப்பாவில் பழுப்பு நிறக் களிம்பு. வீட்டில் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்த முகத்தில் அதை அப்பினார். அகல்யா ஒவ்வொருவரின் அழுக்கையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டாள். இன்று இடது கன்னத்தில் இருந்த அழுக்கு நாளைக்கு வலது கன்னத்துக்குப் போய்விடக்கூடாதாம். அழுக்கைக் காவல் காக்க ஒரு உத்தியோகம் இருக்கிறது என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மத்தியானம் கோழிப் பிரியாணி, முட்டை, தயிர்ப்பச்சடி. மணல்திட்டில் பசியோடு கிடக்கிற காட்சிக்கு இவ்வளவு சாப்பிட்டால் எப்படி என்று பரமக்காவிடம் கேட்டேன். அன்றைக்குச் சாப்பிடாததற்குச் சேர்த்து இன்றைக்குச் சாப்பிடுகிறேன் என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவரோடு சிரிக்கக்கூடாது என்றுதான் எப்போதும் நினைப்பேன், முடிவதில்லை.

கடல் நல்ல அமைதி. வெயில் சுள்ளென்று அடித்தாலும் காற்று இருந்தது. எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. பயமாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன்.

பெப்ரவரி 12, புதன்

தேநீர் நேரத்தில் பரமக்கா முகம் கழுவிய கதையை இயக்குநரிடமே சொல்லிவிட்டார். கைகளை ஆட்டி, அம்மா எப்படிக் காதுக்குப் பின்னால் தேய்த்தார் என்று நடித்தும் காட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இயக்குநர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இதையா என்னிடம் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தீர்கள் என்று கேட்டார். கடைசித் துளிக் காட்சியை நீக்கிவிடப் போகிறார். அதற்குப் பதிலாக இதுதானாம். படத்தின் உயிரே இந்தக் காட்சிதானாம்.

அந்த அம்மா ஏன் அப்படிச் செய்தார் என்று என்னிடம் கேட்டார். தெரியாது சார், அம்மாவுக்குச் சுத்தம் பிடிக்கும் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு மானம், தன்மானம் என்று ஏதேதோ சொன்னார். அகல்யா எழுதிக்கொண்டாள். பிறகு, நீங்கள் செய்வீர்களா என்று கேட்டார்.

செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அம்மாவின் நினைவே வந்தது. பின்னால் போய், வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் சார் என்றேன். கேளுங்கள், அவர்கள் வேண்டாம் என்றால் எடுக்க மாட்டேன் என்றார். நல்ல மனிதர். அவர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்தத் தலையிடி இருந்திருக்காது.

பெப்ரவரி 13, வியாழன்

சுதன் வந்தான். அபிஷன் நடித்ததை எல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவன், புதுக் காட்சியைச் சொன்னதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தான்.

"முகாமே சிரிச்சது போதாதாக்கா? இனி தியேட்டர்ல உக்காந்து ஊரு உலகமே சிரிக்கணுமா?"

சாகக் கிடந்தவன் நீ, உனக்கே அம்மா மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். தனக்கு எதுவும் நினைவில்லை, நினைவிருப்பது உனக்குத்தானே என்றான். எனக்கும் கோபம் எதுவும் இல்லை. அம்மா ஏன் அதைச் செய்தார் என்று ஒரு நாள்கூட நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் அவர் சொல்லும் காரணம் அற்பமாக இருந்துவிட்டால் என்ன செய்வது? கோபம் இல்லை என்றால் பிறகு ஏன் கேட்கவில்லை என்று சுதன் கேட்டான். பெயின்ட் அடிக்கிறவனுக்கு எதற்கு வக்கீல் வேலை?

அவன் சொன்னதில் ஒன்று சரி. திரையில் அம்மா என்று மிஞ்சப்போவது அந்த ஒரு காட்சிதான். அதில் அவர் பிள்ளையின் உயிர்த்தண்ணீரை முகத்தில் ஊற்றிய பெண்ணாக நிற்பார். அதைச் செய்து காட்டப் போகிறவள் அவர் மகள்.

பெப்ரவரி 14, வெள்ளி

கேட்கவில்லை. ஹெலன் டீச்சரின் பிளவுஸைப் பிரித்துத் தைத்தேன்.

பெப்ரவரி 15, சனி

படப்பிடிப்பு இல்லை. மத்தியானம் அம்மாவும் நானும் வாசலில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தோம். கேட்டேவிட்டேன். இப்படி ஒரு காட்சி எடுக்கப் போகிறார்கள், நான்தான் செய்யவேண்டும், உங்களுக்குச் சம்மதமா என்றேன். அம்மா உருவுவதை நிறுத்தவில்லை. பரமம்தான் சொல்லியிருப்பா என்றார். ஓம் என்றேன். பிறகு, நான் வாயைத் திறந்ததுதான் திறந்தேன் என்று, ஏனம்மா கழுவினீர்கள் என்றும் கேட்டேன்.

அம்மா காம்பை எறிந்துவிட்டுத் தெருவை ஒருமுறை பார்த்தார். தெருவில் ஒருவரும் இல்லை.

"சின்ன வள்ளம் பிள்ளை. கண்ட உடன எனக்குத் தெரிஞ்சிட்டுது, எல்லாரையும் ஏத்தாது. ரெண்டு மூண்டு பேரைத்தான் தூக்குவினம். ஆரைத் தூக்குவினம்? மண்ணும் மூக்குச்சளியுமா நிக்கிறதுகளையோ? ஆரோ வடிவா வளத்த பிள்ளையள் மாதிரி முன்னுக்கு நிண்டா உங்கள் ரெண்டு பேரையும் எண்டாலும் தூக்கியிருப்பினம்."

அப்படியானால் நீங்கள் என்றேன்.

"நான் என்னத்துக்கு?"

உப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிற குரலில்தான் அதைச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைக்க வந்து, கை எல்லாம் முருங்கைப் பச்சை என்று பாதியில் இழுத்துக்கொண்டார். பிறகு நான், இதை ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்களே என்றேன்.

"பரமத்தின்ர மூண்டும் பக்கத்திலதான் நிண்டதுகள். அதுகளை விட்டிட்டு என்ர ரெண்டையும் ஏத்துங்கோ எண்டுதானே நான் கழுவினது. அண்டைக்கு இரவு அவ தன்ர பிள்ளையளின்ர தண்ணியை இவன்ர வாயில விட்டவ. அவவின்ர முகத்தைப் பாத்து நான் எப்பிடிச் சொல்லுறது? விசரி எண்டு சிரிக்கட்டும். அது நல்லம்."

கீரையைக் கழுவ எழுந்து போனார். போகிற போக்கில், நடி பிள்ளை, ஏன் கழுவினது எண்டு மட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதை என்றார்.

முப்பத்தைந்து வருடம் ஒரு தெருவே சிரிக்கச் சிரிக்க உட்கார்ந்திருந்திருக்கிறார். நானும் அந்தத் தெருவில்தான் இருந்தேன்.

பெப்ரவரி 16, ஞாயிறு

நண்டுக்கறியை இன்று நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பரமக்கா மூடியைத் திறந்து மணம் பிடித்துவிட்டு, இன்றைக்கு என்ன மகாராணியே வந்திருக்கிறார் என்றார். நான் அவர் வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தேநீர் குடித்தேன். மித்திரா என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு சினிமாவில் தனக்கு ஏன் வசனம் இல்லை என்று நியாயம் கேட்டாள். நான்கு வயது. வாய் அப்படியே பரமக்காவுடையது.

சுதனிடம், அம்மா சம்மதித்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டான். சம்மதித்துவிட்டார் என்று திரும்பவும் சொன்னேன்.

பெப்ரவரி 18, செவ்வாய்

எதை முதலில் எழுதுவது என்று தெரியவில்லை.

காலையில் வேன் கிளம்பும்போது அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து ஏறினார். வருகிறேன் என்று நேற்று சொல்லவேயில்லை. பரமக்கா தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். படப்பிடிப்பில் இயக்குநர் அம்மாவைக் கும்பிட்டு, தன் பக்கத்தில் நாற்காலி போட்டு, குடை பிடிக்க ஆளும் வைத்தார். அம்மா அந்தக் குடையைப் பார்த்த பார்வையைப் படம் பிடித்திருக்கவேண்டும்.

காட்சி இதுதான். எல்லோரும் கரைக்கு ஓடுகிறார்கள். நான் மட்டும் அபிஷனையும், என் மகளாக வருகிற சென்னைப் பெண்ணையும் இழுத்து உட்காரவைத்து முகம் கழுவவேண்டும். மற்றப் பிள்ளைகள் பக்கத்தில் நிற்பார்கள். பரமக்கா பின்னால் கூட்டத்தில். போத்தலில் தண்ணீர் நிரப்பித் தந்தார்கள். முதல் டேக்கில் அபிஷன் கண்ணுக்குள் தண்ணீர் போய்விட்டது என்று கத்தினான். இரண்டாவதில் கடலில் ஒரு நிஜப் படகு குறுக்கே வந்தது. ஒவ்வொரு தடவையும் அவனை மறுபடி அழுக்காக்கி, அகல்யா கைப்பேசியைப் பார்த்து அழுக்கைச் சரிபார்த்து, போத்தலை மறுபடி நிரப்பினார்கள். அம்மா அந்தப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த டேக் நன்றாகப் போனது. கழுவினேன். காதுக்குப் பின்னாலும் கழுவினேன். பெண்ணின் தலையை வாரினேன். அங்கே முடிக்கவேண்டும். போத்தலில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது. மித்திரா பக்கத்தில் அவளுக்குச் சொன்னபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தாள், கன்னம் முழுக்கப் பழுப்புக் களிம்பு. என் கை தானாகப் போய் அவளைப் பிடித்து இழுத்தது. அவள் முகத்தையும் கழுவினேன். அவளுக்குப் பின்னால் நின்ற பையனையும் கழுவினேன். அதற்கும் பின்னால் நின்றவன் தானாகவே வந்து முகத்தை நீட்டினான்.

யாரும் கட் சொல்லவில்லை. அகல்யா மட்டும் வாயில் கைவைத்துக்கொண்டு நின்றாள், இத்தனை அழுக்கும் ஒரே நேரத்தில் போனால் அவள் கதி என்ன? அப்போது பின்னால் கூட்டத்தில் நிற்கவேண்டிய பரமக்கா முன்னுக்கு வந்தார். அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. மணலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த பிள்ளையின் முகவாயைப் பிடித்து எனக்கு வாகாக நிமிர்த்திக் கொடுத்தார். அவர் சிரிக்கவில்லை. போத்தல் காலியாகும்வரை இரண்டு பேருமாகக் கழுவினோம்.

இயக்குநர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கவே இல்லை, இதை அப்படியே வைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். உண்மைச் சம்பவம் என்று போடுவீர்களே சார் என்று கேட்டேன். போடுவோம் என்றார்.

திரும்பி வரும்போது வேனில் ஒருவரும் பாடவில்லை, எல்லோருக்கும் அலுப்பு. அம்மாவும் பரமக்காவும் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். மித்திரா பரமக்காவின் மடியில் தூங்கிவிட்டாள். பரமக்காவும் கண்ணை மூடியிருந்தார். அம்மா வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்.

"அண்டைக்கு அவ்வளவு தண்ணி இருக்கேல்லை, பிள்ளை."

பரமக்கா கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார்.

"இருந்திருந்தா கழுவியிருப்பியள், அக்கா."